ஹாம் இரவில் றேடியோ சொல்வழி கேட்காவிட்டால்: குறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

எங்கள் கல்லூரி ஹாம் வானொலிக் கழகம், அதாவது உரிமம் எடுத்துப் பொழுதுபோக்காக றேடியோவில் உலகத்தோடு கதைக்கிறவர்களின் கழகம், மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு றேடியோவைப் போட்டு உலகத்தைக் கூப்பிடும். இடம் கிளிநொச்சிக்குத் தெற்கே, ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளுக்கு. பின்னேரம் ஆறரைக்குத் தொடங்கினால் வீட்டார் வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போகும்வரை நடக்கும், நாங்கள் சிலர் நள்ளிரவு தாண்டியும் இருப்போம். முதல்முறை மைக் பிடிக்கிற பிள்ளைக்கு அந்த இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் ஒரு பதிலாவது வந்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலை முழுவதும். வெறும் இரைச்சலைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன பிள்ளை அடுத்த மாதம் வராது. அதனால் பிழை வந்தால் முதலில் எங்கே பார்ப்பது என்பதை, நாங்கள் உண்மையில் பட்ட குறிகளை வைத்தே எழுதுகிறேன்.

கை வைக்க முன் இரண்டு விஷயம். ஒருவர்தான் றேடியோவைத் தொட வேண்டும், இன்னொருவர் என்ன மாற்றினோம் என்று கொப்பியில் எழுத வேண்டும். ஆளுக்கு ஒரு குமிழைத் திருப்பினால் பிழை போனாலும் எதனால் போனது என்று தெரியாது, போகாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பவும் வழி இல்லை. அப்புறம், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கொடுத்த உரிமத்தின் பிரதி மேசையில் இருக்கட்டும். இருட்டில் மரத்தில் வயர் கட்டிக்கொண்டு நிற்பவர்களைக் கண்டால் வன்னியில் யாராவது வந்து கேட்பார்கள், கேட்பதும் நியாயம். காட்ட ஒரு தாள் இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி.

இரைச்சல்கூட இல்லை, செத்த மாதிரி இருக்கிறது

சத்தக் குமிழைப் பாருங்கள். அதற்குப் பக்கத்தில் ஆர்எஃப் கெயின் (வருகிற சமிக்ஞையை எவ்வளவு பெருக்குவது) என்ற குமிழ் இருக்கும், அதை யாரோ குறைத்து விட்டிருப்பார்கள். அப்போது எஸ் மீற்றரின் (சமிக்ஞையின் பலத்தை எஸ்1, எஸ்2 என்று எஸ்9 வரை காட்டும் மானி) முள் சமிக்ஞை இல்லாமலே மேலே ஏறி நிற்கும், அதுதான் அடையாளம். ஸ்குவெல்ச் (நலிந்த சத்தத்தை அடைக்கும் குமிழ்) கூடியிருக்கிறதா, காதுக்குமிழ் செருகியிருக்கிறதா, அன்ரனா 1 என்பது 2 ஆக மாறியிருக்கிறதா. இவ்வளவுதான், ஒரு நிமிட வேலை.

இரைச்சல் மட்டும் வருகிறது, குரல் ஒன்றும் எழவில்லை

எங்களுக்கு அதிகம் நேரம் தின்றது இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன். அன்ரனா வயரைக் கழற்றுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் அது றேடியோவுக்குள்ளோ மின்வழங்கியிலோ இருந்து வருகிறது. பளிச்சென்று குறைந்தால் அன்ரனா வழியாக வருகிறது, அதாவது வளவுக்குள்ளேயோ ஊருக்குள்ளேயோ எங்கோ ஒன்று சத்தம் போடுகிறது. இனி அன்ரனாவைத் திரும்பப் பூட்டி, றேடியோவைப் பற்றரியில் ஓடவிட்டு, கட்டடத்தின் மெயின் சுவிச்சை நிறுத்திப் பாருங்கள். இரைச்சல் போய்விட்டதா? சரி, ஒவ்வொரு பிரேக்கராகப் போட்டுக்கொண்டு வந்தால் எந்த இடத்தில் திரும்பி வருகிறதோ அங்கே ஆள் அகப்படும். எங்களுக்கு அகப்பட்டவை மலிவான எல்ஈடி மின்குமிழ் இரண்டு, ஒரு லப்டொப் சார்ஜர், விடுதிப் பக்கம் ஒரு ஃபான் ரெகுலேற்றர். ஆறு மணிக்கு இருந்த இரைச்சல் ஏழு மணிக்குத் தானாக அடங்கினால் கூரையிலுள்ள சோலர் இன்வேட்டரைச் சந்தேகியுங்கள், வெயில் போனதும் அது நித்திரைக்குப் போய்விடும், இரவு வேலைக்கு அதனால் தொல்லை இல்லை.

மெயினை நிறுத்தியும் போகாத இரைச்சல் ஒன்று எங்களை மூன்று மாதம் வாட்டியது. 40 மீற்றர் பாண்டில் (பாண்ட் என்பது அலைநீளத்தால் பெயர் வைத்த அதிர்வெண் பகுதி, இனி வரும் 80, 20, 15 என்பதும் அப்படியே) விநாடிக்கு ஒன்று வீதம் டிக், டிக் என்று, மணிக்கூடு மாதிரி. ஒவ்வொரு டிக்குக்கும் முள் எஸ்7 வரை போய்த் திரும்பும், நலிந்த குரல்கள் எல்லாம் அதற்குள் நறுக்குப்பட்டுப் போகும். இந்தச் சீரான துடிப்பைக் கேட்டால் வன்னியில் யோசிக்கவே தேவையில்லை, யானை வேலி. வேலி நல்ல நிலையில் இருந்தால் இவ்வளவு சத்தம் வராது, எங்கோ பொறி பறந்தால்தான் வரும். சின்ன ஏஎம் றேடியோ ஒன்றின் முள்ளை எந்த நிலையமும் கேட்காத இடத்தில் வைத்துக்கொண்டு, வேலியைப் பராமரிக்கிற ஐயாவோடு பொழுது சாயும் நேரம் வேலியோரமாக நடந்தோம். முந்நூறு மீற்றர் போனதும் கையிலிருந்த றேடியோ அதிர்ந்தது. காட்டுக்கொடி ஒன்று கட்டையைச் சுற்றி ஏறிக் கம்பியைத் தொட்டுக்கொண்டு நின்றது, ஈர இலை தொட்ட இடத்தில் குண்டூசித் தலை அளவு நீலப் பொறி, டிக்குக்கு ஒன்றாக. ஐயா முதலிலேயே சொல்லிவிட்டார்: "தம்பி, வேலியை மட்டும் நிப்பாட்டச் சொல்லாதேங்கோ, ஆனை வந்திடும்." வேலியை நிறுத்தச் சொல்லவில்லை, இந்தக் கொடியை மட்டும் வெட்டித் தாருங்கள் என்று கேட்டோம். கொடி தொட்ட வேலியில் கடைசி மட்டும் போகிற அடி குறைந்துவிடும் என்பதால் அது அவருக்கும் தேவைப்பட்ட வேலைதான். அடுத்த நாள் பகலில் ஐந்து நிமிடம் நிறுத்தி வெட்டினார். நீங்களாக வேலியைத் தொடவேண்டாம், இருட்டில் தனியே அந்தப் பக்கம் போகவும் வேண்டாம்.

சீர் இல்லாமல் படார் படார் என்று வெடித்தால் அது தூரத்து மின்னல். ஐப்பசி, கார்த்திகையில் இது இருக்கும். 40இலும் 80இலும் கூடுதலாகக் கேட்கும், 20க்கும் 15க்கும் ஏறினால் குறையும். வெடிப்பு நெருங்கி வந்தாலோ அடிவானத்தில் வெளிச்சம் தெரிந்தாலோ வயரைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு அன்றைய இரவை முடித்துவிடுங்கள். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

இரைச்சலும் குறைவு, குரலும் இல்லை: பாண்டா அன்ரனாவா?

இதற்கு நல்ல சாட்சி 20 மீற்றர் பாண்டிலுள்ள 14.100 மெகாஹெர்ட்ஸ். உலகம் முழுக்க 18 இடங்களிலிருந்து வழிகாட்டிக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதே அதிர்வெண்ணில் 10 விநாடி வீதம் ஒலிக்கும்படி அமைத்திருக்கிறார்கள், 3 நிமிடத்தில் ஒரு சுற்று. அழைப்புக்குறியை (நிலையத்தின் பெயர்) மோர்ஸில் சொல்லிவிட்டு நான்கு நீண்ட கோடுகள் அனுப்பும்: முதலாவது 100 வாட், பிறகு 10, பிறகு 1, கடைசி 0.1 வாட். வரிசையில் நம் நாட்டின் வழிகாட்டியான 4எஸ்7பிக்கு முன் ஹொங்கொங், பின்னால் தென்னாபிரிக்கா, கென்யா, இஸ்ரேல், பின்லாந்து. எந்த நேரமும் எல்லாம் இயங்கும் என்றில்லை, ஆனால் முழுச் சுற்றும் கேட்டு இரண்டு மூன்றாவது எழுந்தால் வானம் திறந்திருக்கிறது, பிழை உங்கள் பக்கம் இருக்கலாம். 10 வாட் கோடும் கேட்கிறதென்றால் தாராளமாகக் கூப்பிடுங்கள். ஒன்றுமே இல்லை என்றால் 40க்கு மாறிப் பாருங்கள். பகலில் கீழ்ப் பாண்டுகளை விழுங்குகிற அயனமண்டல அடுக்கு சூரியன் மறைந்ததும் கரைந்துவிடும், அதனால் 40 மீற்றர் ஏழு மணிக்குப் பிறகு உயிர் பெறும், வியூ2, வியூ3 என்று அழைப்புக்குறி தொடங்கும் தமிழ்நாட்டுக் குரல்களும் கிழக்கே இந்தோனேசியாவும் வரும். 40 நன்றாகக் கேட்கிறது, 20 மட்டும் அமைதி என்றால் அன்ரனாவை இறக்காமல் விடுங்கள்.

எங்களுக்குக் கேட்கிறது, எங்களை ஒருவருக்கும் கேட்கவில்லை

முதலில் பேனலைப் பாருங்கள். ஸ்ப்ளிட் என்ற எழுத்தோ ஆர்ஐடி என்ற எழுத்தோ எரிந்தால் நீங்கள் கேட்கிற இடம் ஒன்று, கதைக்கிற இடம் வேறு. முந்தைய ஆள் பலர் ஒரே நேரத்தில் கூப்பிடுகிற நெரிசலில் வேலை செய்துவிட்டு நிறுத்தாமல் எழுந்து போயிருப்பார். பக்கப்பட்டை சரியா? குரல் அலையின் கீழ்ப்பக்கத்தில் போவது எல்எஸ்பி, மேல்பக்கத்தில் போவது யூஎஸ்பி. 40இல் எல்எஸ்பி, 20இலும் அதைவிட அதிர்வெண் கூடிய பாண்டுகளிலும் யூஎஸ்பி, இது உலக வழக்கு. தவறான பக்கத்தில் கேட்டால் எவ்வளவு திருப்பினாலும் குரல் மொழியாகாது, அவர்களுக்கு உங்கள் குரலும் அப்படித்தான் போகும்.

அடுத்து மைக்கை அழுத்தி "ஆஆ" என்று சொல்லும்போது வாட் மீற்றர் அசைகிறதா என்று பாருங்கள். அசையாவிட்டால் மைக் பிளக், மைக் கெயின். அசைகிறது, எஸ்டபிள்யூஆரும் (அன்ரனாவுக்கு அனுப்பிய வலு எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு, 1க்குக் கிட்ட இருந்தால் நல்லது) 1.2 என்று அழகாகக் காட்டுகிறது, ஆனாலும் பதில் இல்லை என்றால் அந்த அழகைத்தான் நம்பக்கூடாது. மாரி முடிந்து நாங்கள் பட்ட பாடு இது. றேடியோவிலிருந்து அன்ரனாவுக்குப் போகிற கோக்ஸ் வயருக்குள் தண்ணீர் போனால் வலு முழுவதும் வயரிலேயே சூடாகிக் கரையும், திரும்பி வருவதற்கு மிச்சம் இல்லாததால் மீற்றர் எல்லாம் நலம் என்று சொல்லும். மேல் முனையில் பிஎல்-259 பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம், உள்ளே வலைக்கம்பி செம்பு நிறம் போய்க் கறுத்து, விரலால் தேய்க்கத் தூளாக வந்தது. ஒரு முழம் வெட்டினோம், இன்னும் கறுப்பு. இரண்டு மீற்றர் வெட்டிய பிறகுதான் செம்பு தெரிந்தது. இப்போது ஒவ்வொரு வெளிப் பிளக்குக்கும் தானே ஒட்டுகிற இறப்பர் நாடா சுற்றி, அதன் மேல் கறுப்பு ரேப், அதற்குக் கீழே வயரில் ஒரு தொங்கல் வளைவு விடுகிறோம், தண்ணீர் அந்த வளைவில் சொட்டி விழும்.

புதிய பிள்ளைகளுக்கு இன்னொன்று. அழுத்தியவுடனே கதைக்கிறார்கள், முதல் எழுத்து வெட்டுப்பட்டுப் போகிறது. அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகு "ஃபோர் சியரா செவன்" என்று, அதாவது நம் அழைப்புக்குறியின் முன்னெழுத்தான 4எஸ்7 என்று, ஆறுதலாகத் தொடங்கச் சொல்லுங்கள். எங்கள் ஊர்க் கதைப்பின் வேகம் கடல் கடந்து போவதில்லை.

எஸ்டபிள்யூஆர் மேலே போய் நிற்கிறது

3க்கு மேல் என்றால் தொடர்ந்து அனுப்பவேண்டாம், வலுவை 10 வாட்டுக்குக் குறைத்துவிட்டுச் சோதியுங்கள். நேற்றுவரை சரியாக இருந்து இன்று மாறியதென்றால் அறுந்த வயர், கழன்ற பிளக், அல்லது மரம். நடுவில் கோக்ஸ் பூட்டி இரண்டு பக்கமும் வயர் நீட்டிய இருமுனை அன்ரனாவின் நுனிகளில்தான் மின்னழுத்தம் கூட, மழைக்குப் பிறகு ஈரப் பனையோலை நுனியில் முட்டினால் போதும். நுனிக்கும் மரத்துக்கும் இடையே ஒரு மீற்றராவது நைலோன் கயிறு இருக்கட்டும்.

புதிதாகக் கட்டியதென்றால் கணக்கு. 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீற்றரில் வரும், 7.1க்கு 20.14 மீற்றர், பக்கத்துக்குப் பத்து மீற்றரும் கொஞ்சமும். எஸ்டபிள்யூஆர் எந்த அதிர்வெண்ணில் மிகக் குறைவு என்று தேடுங்கள். 6.9இல் குறைந்தால் அன்ரனா நீளம் கூட, பக்கத்துக்கு ஏறக்குறைய 29 சென்ரிமீற்றர் குறைக்க வேண்டும். உடனே வெட்டாதீர்கள், நுனியைப் பின்னால் மடித்து அதன் மேலேயே முறுக்கிவிட்டுப் பாருங்கள், அநேகமாகச் சரியாகும், பிழைத்தால் அவிழ்க்கலாம். தொலைக்காட்சி வயர் 75 ஓம், றேடியோ எதிர்பார்ப்பது 50, அவசரத்துக்கு அதுவும் ஓடும், மீற்றர் 1.5 காட்டினால் பயப்படவேண்டாம்.

அன்ரனாவை இடம் மாற்றும்போது ஒரு சொல். மைதானத்துக்குள்ளும் துப்புரவாக்கிய வளவுக்குள்ளும் மட்டும் கட்டுங்கள். சிவப்புக் கண்ணிவெடிப் பலகை உள்ள பக்கம், பலகை இல்லாவிட்டாலும் நடமாட்டமே இல்லாத காட்டுக்கரை, அங்கே நல்ல பாலை மரம் உயரமாக நின்றாலும் வேண்டாம். முளை அறைவதோ நிலக்கம்பி இறக்குவதோ அறவே கூடாது. மின்சார வயர் போகிற பக்கம் கயிறு எறிவதும் அப்படியே.

கதைக்கும்போது றேடியோ நின்று திரும்ப எழுகிறது

பற்றரியில் ஓடுகிற இரவுகளில் இதுதான் முதல் குறி. 100 வாட் றேடியோ அனுப்பும்போது 20 அம்பியர் அளவு இழுக்கும். பற்றரியைக் கதவுக்கு வெளியே வைத்து 2.5 சதுர மில்லிமீற்றர் வீட்டு வயரை ஐந்து மீற்றர் இழுத்தோம், போக வரப் பத்து மீற்றர். அந்த வயர் மட்டும் ஏறத்தாழ 1.5 வோல்ற்றைத் தின்றுவிடும். பற்றரி நிரம்பி 12.6 காட்டினாலும் றேடியோவுக்குப் போய்ச் சேர்வது 11 அளவுதான், பெரும்பாலான றேடியோக்கள் கேட்பது 13.8, கீழே 11.7 வரை பொறுக்கும். அதனால் வோல்ற்றைப் பற்றரியில் அளக்காதீர்கள், றேடியோவின் பிளக்கில், கதைத்துக்கொண்டிருக்கும்போது அளந்து பாருங்கள். வயரைக் குட்டையாக்குங்கள், தடிப்பாக்குங்கள், ஃபியூஸ் பிடி சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் வலுவை 50 வாட்டுக்கு இறக்குங்கள், மறுமுனையில் அரை எஸ் அளவுதான் குறையும், அவர்களுக்குத் தெரியவும் மாட்டாது.

பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற பெற்றோர் அந்தப் பற்றரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டிருக்கிறேன். தொண்ணூறுகளில் இங்கே பற்றரி தடை செய்யப்பட்ட பொருள், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைச் சுற்றித் தைனமோவில் செய்தி கேட்ட சனம். அவர்களுக்கு ஒரு கதிரை போட்டு, காதுக்குமிழைக் கொடுங்கள்.

அனுப்பியவுடன் லப்டொப் உறைகிறது, ஸ்பீக்கர் உறுமுகிறது

வலு அன்ரனாவில் நிற்காமல் கோக்ஸின் வெளித்தோல் வழியாக மேசைக்குத் திரும்பி வருகிறது. அன்ரனாவின் நடுவில், வயர் தொடங்குகிற இடத்தில், கோக்ஸை ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். கணினி வயர்களுக்கு ஃபெரைற் வளையம் போடுங்கள். எங்களுக்கு இந்த இரண்டோடு தீர்ந்தது.

எஃப்டி8இல் திரையில் கோடுகள் தெரிகின்றன, எழுத்து வரவில்லை

கணினியின் நேரம். எஃப்டி8 என்பது கணினிகள் றேடியோ வழியே சின்னச் செய்திகளை எழுத்தாக மாற்றிக்கொள்ளும் முறை, 15 விநாடிக் கூறுகளாக ஓடுகிறது, ஒரு விநாடிக்கு மேல் தவறினால் சிரமம், இரண்டைத் தாண்டினால் ஒன்றும் வாசிக்காது. இணையம் இல்லாத அறையில் பழைய லப்டொப் கிழமைக்குச் சில விநாடி நழுவும். எழுத்து வரும்போது டிடி (நேர வித்தியாசம், விநாடியில்) என்ற நிரலைப் பாருங்கள், எல்லோருக்கும் 1.3, 1.4 என்று ஒரே பக்கம் சாய்ந்தால் பிழை உங்கள் மணிக்கூட்டில், ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடையதில். போனின் ஜிபிஎஸ் நேரத்தைப் பார்த்துத் திருத்தலாம். நேரம் சரி, கோடும் இல்லை என்றால் றேடியோவையும் கணினியையும் இணைக்கிற யூஎஸ்பி வயரைக் கழற்றிப் பூட்டியதில் ஒலி உள்ளீடு லப்டொப்பின் சொந்த மைக்குக்கு மாறியிருக்கும்.

இருப்பிடக் கட்டத்தையும், அதாவது உலகப்படத்தைக் கட்டங்களாகப் பிரித்து நம் இடத்துக்கு வைத்த குறியையும், பாருங்கள். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் என்ஜே09, வவுனியா என்ஜே08, மன்னார் நகரம் எம்ஜே98. கொழும்பில் பாவித்த லப்டொப்பைக் கொண்டுவந்து எம்ஜே96 என்றே ஒரு இரவு முழுக்க அனுப்பியிருக்கிறோம். வன்னிக் கட்டம் தேடுகிறவர்கள் உண்டு, அவர்களுக்குச் சரியானதைக் கொடுப்போம்.

குரல் நடுங்குகிறது, தண்ணீருக்குள்ளிருந்து கதைப்பது போல

பிழை தேடவேண்டாம். காந்த நடுக்கோடு நமக்கு மிகக் கிட்டப் போகிறது, பொழுது பட்ட பிறகு அயனமண்டலம் இங்கே குமிழ்விட்டுக் கலங்கும், பங்குனி சித்திரையிலும் புரட்டாதி ஐப்பசியிலும் கூடுதலாக. எஃப்டி8 கோடுகளும் மை ஊறியது போல அகலும். பாண்டை மாற்றுங்கள், அல்லது காத்திருங்கள்.

பதில் வந்தது, ஆனால் இருபது பேர் ஒரே நேரத்தில்

4எஸ்7 என்ற முன்னெழுத்தைக் கேட்டால் ஐரோப்பாவில் பலர் பாய்ந்து வருவார்கள், பிள்ளை பயந்து மைக்கை என்னிடம் நீட்டும். வாங்காதீர்கள். கேட்ட இரண்டு எழுத்தைச் சொல்லி அவரை மட்டும் கூப்பிடச் சொல்லுங்கள், மற்றவர்கள் எவ்வளவு உரத்து வந்தாலும் அவரை முடிக்கும்வரை விடவேண்டாம். கும்பல் அதைக் கண்டு தானாக அடங்கும்.

தொடர்பு நடந்தது, ஆனால் உறுதிப்படுத்தல் வரவில்லை

தொடர்பு நடந்தது என்று மறுமுனையிலிருந்து வரும் அட்டைதான் உறுதிப்படுத்தல், இரண்டு பக்கக் கொப்பியிலும் நேரம் ஒத்துப்போக வேண்டும். கொப்பியில் நம் நேரத்தை எழுதியிருப்பீர்கள். உலக நேரம் நம்மைவிட 5 மணி 30 நிமிடம் பின்னால். இரவு 8.15 என்றால் 14.45. நள்ளிரவு கடந்து ஞாயிறு 12.30க்குப் பேசியது சனிக்கிழமை 19.00, திகதியே மாறுகிறது, நாங்கள் அதிகம் தவறவிட்டது அங்கேதான். மேசையில் உலக நேரத்துக்கு வைத்த ஒரு மணிக்கூடு இருந்தால் கணக்குப் போடத் தேவையில்லை. அதே வரியில் மைக் பிடித்த பிள்ளையின் பெயருக்கும் ஒரு நிரல் போடுங்கள், மாதங்கள் கழித்துத் தபாலில் அட்டை வரும்போது யாரிடம் கொடுப்பது என்று தேடவேண்டி இருக்காது.